வால்யூமைத் தொடவே இல்லை

மார்ச் 4

தம்பிக்கு,

இனி உன் குரல் என் காதில் விழக்கூடாது என்று அன்றைக்கு ஓட்டல் அரங்கத்தின் பின்வாசலில் நின்று சொன்னேன். அதில் மாற்றமில்லை. உன் எண்ணை அடைத்து வைத்திருப்பதும் அப்படியேதான் இருக்கிறது. கையெழுத்தைப் பார்க்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். பாசத்தில் எழுதுகிறாள் என்று நினைத்து உருகிவிடாதே.

பேஸ் கிட்டாரை எங்கள் வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு நீ ஊரைவிட்டுப் போய் ஐந்து மாதம் ஆகிறது. உன் இடத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். முதல் ஆள் கம்பியைத் தடவிக்கொண்டே, டிரம்ஸ் வாசிக்கும் நம் 'இடி'யிடம் குடும்பக் கதை பேசிக்கொண்டிருந்தான். இரண்டாவது ஆளுக்கு எல்லாப் பாட்டும் ஒரே பாட்டு. மூன்றாவது ஆள் நன்றாகவே வாசித்தான். ஆனால் உன் அத்தானைப் பார்த்து, "சார், ஒரு கட்டை இறக்கிப் பாடுங்களேன்" என்று சொல்லிவிட்டான். அதோடு அவன் கதை முடிந்தது.

ஓட்டல் மேலாளர் கெடு வைத்துவிட்டார். ஜூன் பதினான்காம் தேதி முழுக் குழுவும் மேடையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் சனிக்கிழமைகளை வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவாராம். பதினொரு வருஷமாக உன் அத்தான் பாடுகிற சனிக்கிழமைகள். வாரம் முழுக்கப் பள்ளிக்கூட பஸ் ஓட்டி, நாற்பது பிள்ளைகளோடு தொண்டை கிழியக் கத்திவிட்டு வருகிற மனுஷன், அந்த ஒரு மாலைக்காகத்தான் மற்ற ஆறு நாளும் குளித்துச் சாப்பிடுகிறார். அது போனால் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

ஆகவே நானே வாசிக்கப் போகிறேன். சிரித்து முடித்துவிட்டுப் படி.

நாலே கம்பி. பல் செட் செய்கிற இடத்தில் இருபது வருஷமாக முடியளவு பிசகாமல் பல் தேய்ப்பவள் நான். ஒரு கம்பியை இழுத்து விட எனக்கு என்ன பெரிய வித்தை வேண்டும்? எந்தப் பாட்டுக்கு எந்தச் சுரம் என்பது உன் பழைய நோட்டில் இருக்கிறது. வலது கையை எப்படி வைப்பது, சத்தத்தை எப்படிக் கூட்டிக் குறைப்பது, இந்த இரண்டை மட்டும் எழுது.

நான் எதையும் மறந்துவிடவில்லை. இருநூறு பேருக்கு முன்னால் அத்தானின் குரலை அமுக்குவதற்காக வால்யூமைத் திருகியவன் நீ. கேட்டால் தொடவே இல்லை என்று துண்டைப் போட்டுத் தாண்டாத குறையாகச் சத்தியம் செய்தவனும் நீ.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

சிரித்து முடிக்க இரண்டு நாள் ஆனது. உன் கடிதத்தை, பழுது பார்க்கப் போன இடத்தில் லிஃப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்துதான் படித்தேன். உள்ளே சிக்கியிருந்த வக்கீல், "என்னப்பா சிரிப்பு, எப்பப்பா இறக்குவ?" என்று கத்தினார். என் அக்கா பேஸ் வாசிக்கப் போகிறாள் என்று சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. உன்னைத் தெரியாதல்லவா.

நாலே கம்பி என்று எழுதியிருக்கிறாய். லிஃப்டுக்குக்கூட நாலே கயிறுதான். வந்து ஓட்டிப் பாரேன்.

சரி, கேட்டதற்குச் சொல்கிறேன். கிட்டாரை மடியில் குழந்தை மாதிரி படுக்க வைக்காதே, நிமிர்த்திப் பிடி. கம்பிகளுக்குக் கீழே கறுப்பாக ஒரு கட்டை இருக்கிறது, அதற்குப் பிக்கப் என்று பெயர். வலது கைக் கட்டைவிரலை அதன் விளிம்பில் ஊன்று. அது அங்கேயே இருக்கட்டும், மேடைப் பேச்சாளர் கை மாதிரி அலையக் கூடாது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி வேலை செய்ய வேண்டும். ஒரே விரலால் இழுத்துக்கொண்டிருந்தால் மூன்றாவது நிமிடம் அழுவாய்.

கம்பியைக் கொக்கி போட்டு வெளியே இழுக்காதே. புதிதாக வருகிற எல்லா மேதைகளும் அதைத்தான் செய்வார்கள். விரல் நுனிச் சதையால் கம்பியைக் குறுக்கே தள்ளு. தள்ளிய விரல், மேலே இருக்கும் அடுத்த கம்பியில் போய் முட்டி நிற்க வேண்டும். தடித்த கம்பியை வாசிக்கும்போது மேலே கம்பி இல்லை, அப்போது கட்டைவிரலில் முட்டும். முட்டி நின்றால் சரி. காற்றில் பறந்தால் தப்பு. நகத்தை ஒட்ட வெட்டு.

ஒரு கம்பி, ஒரு சுரம். நிமிடத்துக்கு அறுபது தட்டு வைத்துக்கொண்டு தினமும் அரைமணி. இரண்டு விரலில் எது வாசித்தது என்று கண்ணை மூடிக் கேட்பவனுக்குத் தெரியக் கூடாது. அது வருகிற வரை பாட்டுப் பக்கம் தலை வைத்துப் படுக்காதே.

உன் வீட்டு மகா வித்வானுக்கு என் வணக்கத்தைச் சொல்ல வேண்டாம். நான் வால்யூமைத் தொடவில்லை. இதை எழுத்திலும் ஒருமுறை சொல்லியாயிற்று.

தம்பி


மார்ச் 25

தம்பிக்கு,

இரண்டு விரலிலும் கொப்புளம். நேற்று ஒரு கிழவரின் மேல்வரிசைப் பல்லைத் தேய்க்கும்போது கொப்புளம் உடைந்துவிட்டது. நல்லவேளை, பல் அவர் வாய்க்கு இன்னும் போகவில்லை.

நீ சொன்னபடிதான் செய்கிறேன். கட்டைவிரல் ஊன்றி, மாறி மாறித் தள்ளி, முட்டி நிற்கிறது. ஆனால் சத்தம் வரவில்லை. பூனை நடந்தால்கூட அதைவிட அதிகம் கேட்கும். அதனால் ஆம்ப் பெட்டியைத் திருகி ஒலியைக் கூட்டினேன். அப்போது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து மாடிவீட்டு டீச்சர் இறங்கி வந்துவிட்டார். குறைத்துவிட்டு பலமாக இழுத்தேன். அப்போது தகரத்தைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். இந்தக் கிட்டாரிலேயே கோளாறு இருக்கிறது என்று நினைக்கிறேன். ஐந்து மாதம் சும்மா கிடந்ததில் எதுவோ கழன்றிருக்கும்.

உன் அத்தானிடம் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன். உன் பெயரை எடுத்தால் சோற்றுத் தட்டு பறக்கும். அவர் தினமும் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து ஒரு மணி நேரம் அடிக்குரலில் சாதகம் செய்கிறார். கொஞ்சம் தொண்டை கட்டியிருக்கிறது, புழுதியாக இருக்கும்.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கிட்டாரில் ஒரு கோளாறும் இல்லை. அதை வைத்திருக்கிற ஆளில்தான்.

நீ செய்தது புதிதாக வாசிப்பவர்கள் எல்லோரும் செய்கிற மூடத்தனம். ஆம்ப் தரையில் இருக்கிறது. அது உன் முழங்காலைப் பார்த்து வாசிக்கிறது. உன் காது முழங்காலிலா இருக்கிறது? கிட்ட நின்றால் பேஸ் எப்போதும் சிறிதாகத்தான் கேட்கும், நாலு எட்டுத் தள்ளிப் போனால்தான் அதன் பருமன் தெரியும். ஆம்ப்பை ஒரு நாற்காலி மேல் தூக்கி வை. அறையின் மறுகோடியில் போய் நின்று கேள்.

இப்போது ஒழுங்காகக் கவனி, இரண்டாம் முறை எழுத மாட்டேன். கிட்டாரில் இருக்கும் வால்யூமை முழுதும் திறந்துவிட்டு அதை மறந்துவிடு. ஆம்ப்பை, உனக்குத் தேவை என்று தோன்றுவதைவிடக் கொஞ்சம் அதிகமாக வை. பிறகு மெதுவாக வாசி. கூட்டுவதும் குறைப்பதும் விரல் செய்கிற வேலை, கையால் திருகுகிற வேலையில்லை. மெதுவாக வாசிப்பவனுக்குத்தான் மேலே போக இடம் இருக்கும். எடுத்த எடுப்பிலேயே பலத்தை எல்லாம் கொட்டிவிட்டால், கூட்ட வேண்டிய இடத்தில் என்ன செய்வாய், எழுந்து குதிப்பாயா?

அந்தத் தகரச் சத்தத்துக்கும் காரணம் இதுதான். பலமாக அடித்தால் கம்பி துள்ளி, தண்டில் பதித்திருக்கும் உலோகக் கோடுகளில் மோதும். சுரத்துக்கு முன்னால் 'டக்' என்று ஒன்று விழும். ஆம்ப்பைத் திருகிக் கூட்டினால் அந்த 'டக்' வராது, அதே சத்தம் பெரிதாக வரும், அவ்வளவுதான். இந்த வித்தியாசம் காதுக்குப் பிடிபட்டால் நீ பாதி பேஸ்காரி.

நாலு தட்டு மெதுவாக, நாலு தட்டு நடுத்தரமாக, நாலு தட்டு ஊன்றி. மறுபடி இறங்கு. திருகில் கை வைக்கக் கூடாது. மாடிவீட்டு டீச்சர் இறங்கி வராமல் மூன்றையும் வாசித்துக் காட்டு, பார்க்கலாம். பாலத்துப் பக்கம், அதாவது கம்பி கட்டியிருக்கிற கடைசியின் பக்கம், கையை நகர்த்தினால் ஒலி இறுகும். தண்டுப் பக்கம் நகர்த்தினால் உருளும். இது கூடுதல் செய்தி. உனக்கு இப்போது தேவையில்லை, நான் எவ்வளவு தெரிந்தவன் என்று காட்டுவதற்காக எழுதினேன்.

அத்தானுக்குத் தொண்டை எத்தனை நாளாகக் கட்டியிருக்கிறது?

தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

டீச்சர் இறங்கி வரவில்லை. மூன்றையும் வாசித்தேன். உன் மூஞ்சியில் கரி.

இடியோடு சேர்ந்து நாலு பாட்டு முடித்துவிட்டேன். "அக்கா, இப்பத்தான் பேஸ் மாதிரி இருக்கு" என்றான். அதற்கு முன்னால் எது மாதிரி இருந்தது என்று நான் கேட்கவில்லை. உன் அத்தான் கதவருகில் நின்று கேட்டுவிட்டு ஒரு சான்றிதழ் கொடுத்தார். அதை அப்படியே எழுதுகிறேன், நீ பத்திரமாக ஒட்டி வைத்துக்கொள்: "அவனை விட நீ நல்லாவே வாசிக்கற. நீ அடக்கி வாசிக்கற. அவனுக்கு அடக்கம்ங்கறதே கிடையாது. நாலு பேர் என் பாட்டுக்குக் கை தட்டினா அவனுக்கு வயிறு எரியும்."

உன்னைவிட நன்றாக வாசிப்பதாகச் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். அந்த அளவுக்குக் காது வந்துவிட்டது. வயிறு எரிந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

தொண்டைக் கட்டு பற்றி உனக்கென்ன அக்கறை? அது வரும் போகும். வெந்நீர் குடிக்கிறார்.

ஒன்று செய்யப் போகிறேன். அக்டோபரில் நீ கூத்தடித்த அந்தக் கடைசி நிகழ்ச்சியை இடி முழுதாகப் பதிவு செய்து வைத்திருக்கிறானாம். போன் ஒலிபெருக்கியில் பேஸ் கேட்காது, பெரிய ஹெட்போன் வேண்டும் என்றான், அதையும் தருகிறேன் என்றான். நீ எப்படி வாசித்தாய் என்று கேட்டுக் கேட்டுப் பழகப் போகிறேன். ஆள் மட்டமாக இருந்தாலும் கை நல்ல கை.

அக்கா


ஏப்ரல் 27

அக்காவுக்கு,

அந்தப் பதிவைக் கேட்காதே. அன்று எனக்கு உடம்பு சரியில்லை, கம்பியும் பழைய கம்பி. அதைக் கேட்டுப் பழகினால் கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். முதல் வருஷப் பதிவு ஒன்று அலமாரியில் இருக்கும், அதைக் கேள். இல்லையென்றால் எதையும் கேட்க வேண்டாம், நோட்டைப் பார்த்து வாசி.

புதிதாக வாசிப்பவர்கள் ஆளைப் பார்த்து வாசிக்கக் கூடாது. குரங்குச் சேட்டைதான் வரும்.

தம்பி


மே 9

தம்பிக்கு,

கேட்டேன். பதினாறு முறை.

நீ வால்யூமைத் தொடவில்லை. உண்மைதான். சத்தம் கூடுகிற ஒவ்வொரு இடத்திலும் சுரத்துக்கு முன்னால் அந்த 'டக்' விழுகிறது. திருகிக் கூட்டினால் அது வராது என்று நீதானே எழுதினாய். ஆக, திருகில் கை வைக்காமல் விரலால் செய்திருக்கிறாய். "தொடவே இல்ல, தொடவே இல்ல" என்று அத்தனை பேருக்கு முன்னால் சாதித்தாயே, அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. எப்பேர்ப்பட்ட யோக்கியன் நீ. கத்தியால் குத்தவில்லை, கோடரியால்தான் வெட்டினேன் என்று சொல்கிற யோக்கியன்.

முதல் நாலு முறை கேட்டபோது இப்படித்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது முறை ஒரு காகிதத்தை எடுத்து, நீ விரலை ஊன்றுகிற இடங்களையெல்லாம் குறித்தேன். வேலைப் பழக்கம், பல்லில் எங்கே இடிக்கிறது என்று மை தடவிப் பார்ப்போம், அந்த மாதிரி. மொத்தம் இருபத்திரண்டு இடம். கைதட்டல் வருகிற இடம் ஒன்றுகூட இல்லை. எல்லாமே அத்தான் மேலே போகிற இடங்கள். ஊன்றுகிறாய், அவர் கீழே இறங்கியதும் விட்டுவிடுகிறாய்.

பேஸை ஒதுக்கிவிட்டு அவர் குரலை மட்டும் கேட்கப் பார்த்தேன். அந்த இருபத்திரண்டு இடத்திலும் உன் சத்தத்துக்கு அடியில் ஏதோ கிழிகிறது.

அது என்ன என்று எழுது. சுற்றி வளைக்காதே, நக்கல் வேண்டாம்.

அக்கா


மே 17

அக்காவுக்கு,

அவர் குரல்தான் கிழிகிறது. மேலே போனால் இரண்டாகப் பிளக்கிறது, சில நேரம் வெறும் காற்று வருகிறது. இரண்டு வருஷமாக.

முதலில் ஒரு மாலையில் ஒரு இடம். அந்த இடத்தில் கொஞ்சம் ஊன்றி வாசித்தேன், யாருக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. மேடையில் அவருக்குப் பின்னால்தானே என் ஆம்ப். பிறகு மூன்று இடம், ஐந்து இடம். எங்கே உடையும் என்று அவருக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். அக்டோபரில் எல்லா இடத்திலும் உடைந்தது. நானும் எல்லா இடத்திலும் ஊன்றினேன். அது அரங்கம் முழுக்கக் கேட்டுவிட்டது. பாட்டை நிறுத்தி, ஒலிவாங்கியிலேயே "பொறாமை பிடிச்சவனே" என்றார். என்ன சொல்லச் சொல்கிறாய்? "இல்ல அத்தான், உங்க குரல் போயிடுச்சு" என்று அதே ஒலிவாங்கியில் சொல்லவா?

அவருக்குக் காதில்லை என்று பல நாள் கடுப்பாக இருந்திருக்கிறது. பாடுகிறவனுக்குத் தன் குரல் கேட்காதா? நாற்பது பிள்ளைகளை அடக்கின தொண்டைக்குக் கர்வம் மட்டும் குறையவில்லை. ஒரு கட்டை இறக்கிப் பாடலாம் என்று முன்பு ஒருமுறை ஜாடையாகச் சொன்னேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதற்குமேல் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பாட்டு இல்லாத அந்த மனுஷனோடு ஒரு வீட்டில் இருக்கப் போவது நீதானே தவிர நானில்லை.

இப்போது காரியத்தைக் கேள். ஜூன் பதினான்காம் தேதிக்கு நாலு வாரம் இருக்கிறது. நீ குறித்து வைத்த அந்தக் காகிதம்தான் உன் பாடம். மற்ற இடங்களில் மெதுவாக வாசி, இடம் மிச்சம் வை. அவர் மேலே ஏறுவதற்கு ஒரு தட்டு முன்னாலேயே ஊன்று. ஒரேயடியாக ஏறாதே, நான் செய்த தப்பு அதுதான். பாலத்துப் பக்கம் கையை நகர்த்தாதே, இறுகின ஒலி மூடாது. தண்டுப் பக்கம் போனால் உருண்டு பரவி மூடிக்கொள்ளும். சனிக்கிழமைகள் தப்பிக்கும். அவரிடம் மூச்சு விடாதே.

தம்பி


ஜூன் 19

தம்பிக்கு,

நீ எழுதியபடி நான் செய்யவில்லை.

முதல் பாட்டில் செய்தேன். மூன்று இடம், மூன்றையும் மூடினேன், உன்னைவிட அழகாகவே மூடினேன். மேலாளர் தலையாட்டினார். அத்தான் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கூடவே இருந்து கழுத்தறுக்கிறவளைப் பார்த்து ஒரு மனுஷன் சிரிக்கிறார்.

இரண்டாவது பாட்டில் அவர் மேலே ஏறினபோது நான் விரலைத் தளர்த்தினேன். கம்பியைத் தொட்டும் தொடாமலும் வாசித்தேன். இடிக்கு என்ன புரிந்ததோ, அவனும் குறைத்தான். அரங்கத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. அவருக்கும் கேட்டது. அந்த வரியை இன்னொரு முறை எடுத்தார். மறுபடி உடைந்தது. படி இருக்கிறது என்று நினைத்துக் கால் வைத்தவர் போல ஒரு கணம் நின்றார். ஒலிவாங்கியை மெதுவாக அதன் தாங்கியில் மாட்டிவிட்டு, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். நிறுத்தச் சொல்ல ஆளில்லாததால் நானும் இடியும் மூன்று நிமிடம் வெறும் பேஸும் டிரம்ஸுமாக வாசித்துக்கொண்டிருந்தோம். யாரோ ஒரு புண்ணியவான் கைதட்டினான்.

திங்கட்கிழமை மேலாளர் சனிக்கிழமைகளை வேறு குழுவுக்குக் கொடுத்துவிட்டார்.

நிகழ்ச்சி முடிந்த மூன்றாம் நாள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "எத்தனை நாளா இப்படி?" என்றார். உன் கடிதங்களை எல்லாம் எடுத்து மேஜை மேல் வைத்தேன். மகா வித்வான், காதில்லாதவர், கர்வம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் படித்தார். அன்று பஸ்ஸை வேறு ஆள் ஓட்டினார். நான் அவரைத் தொண்டை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குரல் நாணில் சதை வளர்ந்திருக்கிறது. கெட்ட கட்டி இல்லை. டாக்டர் அம்மா சொன்னதை எழுதுகிறேன்: "ரெண்டு வருஷமாவது இருக்கும். ஆரம்பத்துலயே வந்திருந்தா கத்தாம, கொஞ்ச நாள் பேசாம இருந்தாலே அடங்கியிருக்கும். இத்தனை நாள் இதை வச்சுக்கிட்டு மேல மேல பாடியிருக்காரு. இப்ப வெட்டித்தான் எடுக்கணும். பேச்சு வரும். பாட்டைப் பத்தி நான் வாக்கு குடுக்க மாட்டேன்."

உனக்கு இப்போது ஒன்று சொல்கிறேன். முழுப் பூசணிக்காயை இரண்டு வருஷம் சோற்றில் மறைத்துவிட்டு, அதைத் தியாகம் என்று நினைத்து ஊர் மாறிப் போய் உட்கார்ந்திருக்கிறாய். லிஃப்டில் கயிறு அறுகிற சத்தம் கேட்டால் என்ன செய்வாய் நீ? உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காமல் இருக்கப் பாட்டுப் போட்டுவிடுவாயா?

அக்கா


ஜூன் 26

அக்காவுக்கு,

கயிறு பற்றி எழுதியிருந்தாய். மூன்று நாளாகக் கூண்டின் மேல் ஏறும்போதெல்லாம் அதுதான் ஓடுகிறது.

உனக்காக மறைத்தேன் என்று எழுதியிருந்தேன். பொய். சொன்னால் அவர் என் மேல் பாய்வார் என்று பயந்தேன். விரலால் ஊன்றுவது வாயால் சொல்வதைவிடச் சுலபமாக இருந்தது. அவ்வளவுதான் என் வித்தை. புதிதாக வாசிப்பவர்களை நக்கலடிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

அறுவை என்றைக்கு என்று எழுது. அது முடிந்து அவர் பேசக்கூடாத நாட்கள் இருக்குமே, அப்போது வருகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.

தம்பி


ஜூலை 5

தம்பிக்கு,

நல்ல நாள் பார்த்தாய். ஒரு மனுஷன் வாயில் பிளாஸ்திரி ஒட்டாத குறையாகப் படுத்திருக்கும்போது வந்து உட்கார்ந்து, பதில் வராது என்ற தைரியத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று பார்க்கிறாய். இரண்டு வருஷம் பயந்தது போதாதா?

அறுவை பதினைந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை. அதற்கு முன்னால் வா.

டாக்டர் அம்மா அதுவரை ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேச வேண்டாம் என்றிருக்கிறார். மனுஷன் அந்தப் பத்தையும் பேசுவதில்லை. என்ன வேண்டுமானாலும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டுகிறார். ஏன் என்று கேட்டதற்கு, 'அவன் வரும்போது வேண்டும்' என்று எழுதினார். இன்றைக்குப் பேசாததை நாளைக்குச் சேர்த்துப் பேச முடியாது, டாக்டர் கணக்கு அப்படி இல்லை என்று நான் சொன்னேன். கேட்கவில்லை. என்றைக்கு நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார்.

நீ வந்தால் என்ன சொல்லப் போகிறார் என்று நேற்றுக் கேட்டேன். 'பொறாமை என்று சொன்னது தப்பு' என்று எழுதினார். உனக்கு அனுப்பலாம் என்று அதை மடிக்கப் போனேன். அதற்குள் காகிதத்தைப் பிடுங்கி, அந்த வரிக்கு மேலே 'முதலில் திட்டு' என்று எழுதிச் சேர்த்தார். கடிதங்களில் நீ அவரைச் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் அடியில் கோடு போட்டு வைத்திருக்கிறார். கத்தக் கூடாது, மெதுவாகத்தான் திட்டுவார். அது இன்னும் உறைக்கும்.

செவ்வாய்க்குப் பிறகு அவருக்கு எந்தக் குரல் வரும் என்று யாருக்கும் தெரியாது. பதினொரு வருஷம் நீ பின்னால் நின்று வாசித்த குரல் இதுதான், கிழிந்து போனாலும். உன்னிடம் சொல்ல அதில் மிச்சமிருப்பது இரண்டு வாக்கியம். அதை வீணாக்கினால் நான் உன்னை மன்னிக்கவே மாட்டேன்.

பதின்மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கு. நிலையத்துக்கு நான் வர மாட்டேன். வழி உனக்குத் தெரியும்.

அக்கா